தோலுக்கு அடியில் ஒரு வெயில்

பற்றரி இல்லாமல் வெளிச்சத்திலேயே ஓடும் பேஸ்மேக்கரும் செயற்கைக் கண்ணும் ஆய்வுகூடங்களில் உருவாகிவருகின்றன. காங்கேசன்துறை மனிதருக்கும் அவை வேலை செய்யுமா?

மானிப்பாயில் நாங்கள் ஒதுங்கியிருந்த உறவினர் வீட்டு மதிலில், காலை பத்து மணிக்கு நாலு ரோச் லைற் பற்றரிகளை வரிசையாக அடுக்கிவைப்பது என் வேலை. 1990 ஜூனில் போரால் காங்கேசன்துறையை விட்டு, கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டு வந்த குடும்பம் எங்களுடையது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் பற்றரி கொண்டுவர அரசாங்கத் தடை இருந்தது. அதனால் செத்துப்போன பற்றரியைக்கூட யாரும் எறியமாட்டார்கள். வெயிலில் நன்றாகக் காயவிட்டால் இரவில் கொஞ்ச நேரத்துக்கு அதற்கு மறுபடி உயிர் வரும். ரேடியோவுக்குச் சைக்கிள் டைனமோ, படிப்புக்கு ஜாம் போத்தல் விளக்கு, ரோச்சுக்கு வெயில் குடித்த பற்றரி. அப்படித்தான் நாட்கள் போயின.

இரவில் மாமி அந்த ரோச்சை என் உள்ளங்கைக்குக் கீழே வைத்து அழுத்துவார். கை முழுக்கச் சிவந்து எரியும். விரலிடுக்குகள் தணல் மாதிரித் தெரியும். "உன்ர ரத்தம்தான் தம்பி அது" என்பார். வெளிச்சத்தை வீணாக்க வேண்டாமென்று அம்மா அறைக்குள்ளிருந்து சத்தம் போடுவார்.

அந்த மாமி இப்போது காங்கேசன்துறையில், இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்ட தன் காணியில் கட்டிய சின்ன வீட்டில் இருக்கிறார். இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டியைவிட மெல்லிய ஒரு மேடு. இதயத்தைச் சீராகத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் அது. முதலாவதை 2012இல் கொழும்பில் வைத்தார்கள். பத்து வருடம் அதை அவர் மறந்தே போயிருந்தார். 2022இல் பரிசோதித்துவிட்டுப் பற்றரி முடியப்போகிறது என்றார்கள். நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த வருடம் அது. டொலர் இல்லை, டீசல் இல்லை. மருந்தில் 80 வீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் நாட்டில் அவசரமில்லாத சத்திரசிகிச்சைகள் தள்ளிப்போயின. மாமிக்குக் குறித்த நாளும் இரண்டு முறை மாறியது. புதியதை வைக்கும்வரையான ஆறு கிழமையும் இரவில் தூங்காமல், தன் நாடியைத் தானே பிடித்து எண்ணிக்கொண்டு கிடந்தார். அப்போது ஒருநாள் என்னிடம் கேட்டார்: "அந்த நேரம் பற்றரியை வெயில்ல வைச்சம். இதை எங்க தம்பி கொண்டுபோய் வைக்கிறது?"

ஆய்வுகூடங்கள் இன்று அந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருக்கின்றன. எங்கேயும் கொண்டுபோக வேண்டாம், இருக்கிற இடத்திலேயே அது வெயில் குடிக்கட்டும் என்பதுதான் அது.

பொலிஷ் ரின்னில் வார்த்த கருவி

பற்றரிக் கவலை பேஸ்மேக்கரோடு கூடப் பிறந்தது. 1958 ஒக்டோபர் 8ஆம் திகதி, சுவீடனின் கரோலின்ஸ்கா வைத்தியசாலையில், 43 வயது அர்னே லார்சனின் உடம்புக்குள் உலகின் முதலாவது பேஸ்மேக்கரை வைத்தார் சத்திரசிகிச்சை நிபுணர் ஓகே செனிங். செய்துகொடுத்தவர் பொறியியலாளர் ரூனே எல்ம்க்விஸ்ட். அவர் அதைச் சப்பாத்து பொலிஷ் ரின் ஒன்றை அச்சாக வைத்து, பிசினில் வார்த்து எடுத்திருந்தார். உள்ளே திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய நிக்கல்–கட்மியம் கலம். வெளியே ஒரு கம்பிச் சுருளை வைத்துத் தோலுக்கு ஊடாக அதற்கு மின்னேற்ற வேண்டும். சில மணி நேரத்திலேயே அந்தக் கருவி நின்றுவிட்டது. மாற்றினார்கள், பிறகும் மாற்றினார்கள். லார்சன் தன் வாழ்நாளில் இருபதுக்கு மேற்பட்ட பேஸ்மேக்கர்களைக் கண்டார். தன்னைக் காப்பாற்றிய மருத்துவருக்கும் பொறியியலாளருக்கும் பிறகும் உயிரோடிருந்து, 2001இல் 86 வயதில் காலமானார்.

1970இல் பாரிஸில் புளூட்டோனியத்தில் ஓடும் பேஸ்மேக்கர்கூட வைத்துப் பார்த்தார்கள். 1972 முதல் லிதியம்–அயடீன் கலம் வந்ததும் அந்தப் பேச்சு அடங்கியது. இன்றைய கருவிகள் பெரும்பாலும் எட்டிலிருந்து பதினைந்து வருடம் ஓடும். ஆனால் 60 வயதில் ஒன்றை வைத்தவர் 85 வரை வாழ்ந்தால் மறுபடி ஒன்றிலிருந்து மூன்று முறைவரை தோலைத் திறந்தாக வேண்டும். முதல் முறையைவிட மாற்றும் முறைகளில் கிருமித் தொற்று ஏற்படும் வாய்ப்பு அதிகம். பத்து வயதுப் பிள்ளைக்கு வைத்தால் எத்தனை முறை என்று வாசகரே எண்ணிக்கொள்ளலாம்.

▌பெட்டிச் செய்தி: எவ்வளவு மின்சாரம் தேவை?
ஒரு பேஸ்மேக்கருக்கு 5 முதல் 10 மைக்ரோவாற் போதும். மைக்ரோவாற் என்பது ஒரு வாற்றின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. வீட்டு விறாந்தையில் எரியும் 9 வாற் எல்.ஈ.டி. குமிழ் இழுக்கும் மின்சாரத்தில் ஒன்பது இலட்சம் பேஸ்மேக்கர்களை ஓட்டலாம். செவிப்புலனுக்கு வைக்கும் கொக்லியர் கருவிக்கு இதைவிட ஆயிரம் மடங்கு அளவில் தேவை. இதயத்துக்குப் பதிலாக இரத்தத்தை இறைக்கும் பம்பிக்குச் சில வாற்கள் வேண்டும். தோலுக்கு அடியில் வைக்கும் சூரியக் கலத்தால் பேஸ்மேக்கரை ஓட்டலாம், பம்பியை ஓட்ட முடியாது.

சிவப்பு மட்டும் ஏன் கடந்து வருகிறது?

உள்ளங்கையில் ரோச் அடித்துப் பார்த்த எல்லோரும் இந்த விஞ்ஞானத்தின் பாதியைக் கண்ணால் கண்டவர்கள். வெள்ளை வெளிச்சத்தின் நீலத்தையும் பச்சையையும் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் விழுங்கிவிடும். சிவப்பு தப்பிவரும். கண்ணுக்குத் தெரியாத, சிவப்புக்கு அடுத்திருக்கும் அண்மை அகச்சிவப்புக் கதிர் இன்னும் ஆழமாகப் போகும். அதையும் தாண்டிய அலைநீளங்களைத் தசையிலுள்ள நீர் பிடித்துக்கொள்கிறது. ஆக ஏறத்தாழ 650 முதல் 950 நனோமீற்றர் வரை உடம்பு ஒரு யன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. சூரிய ஒளியில் இந்தப் பகுதி தாராளமாக இருக்கிறது. நாங்கள் கூரையில் போடுகிற சிலிக்கன் கலமும் இந்தப் பகுதியை நன்றாகவே மின்சாரமாக்கும்.

சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் ஆண்ட்ரியாஸ் ஹெபர்லினும் அவரது குழுவினரும் இதை வைத்து ஒரு பேஸ்மேக்கரைச் செய்து, பன்றியின் தோலுக்கு அடியில் வைத்து இதயத்தைத் துடிக்கவைத்தார்கள். வழமையான பற்றரி அதில் இல்லை. அதன் பிறகு அவர்கள் செய்த ஆய்வுதான் எனக்கு அதைவிடப் பெரியது. 32 பேரின் கையில் சிறிய சூரியக் கலங்களைக் கட்டிவிட்டார்கள். கலத்தின் பரப்பு 3.6 சதுர சென்ரிமீற்றர், ஒரு தபால் முத்திரை அளவு. அதற்கு மேல் தோலைப் போல ஒளியைக் குறைக்கும் வடிகட்டி. கோடை, இலையுதிர்காலம், பனிக்காலம் மூன்றிலும் ஒவ்வொரு கிழமை அவர்கள் தங்கள் பாட்டுக்கு வேலைக்குப் போய் வந்தார்கள். 2017இல் வெளிவந்த முடிவின்படி, எல்லோரிலும் குறைந்த வெளிச்சம் கண்டவருக்குக்கூடச் சராசரியாக 12 மைக்ரோவாற் கிடைத்தது. ஒரு பேஸ்மேக்கருக்கு அது போதும்.

யாருக்கும் ஊசிகூடப் போடாமல் கிடைத்த விடை இது. இந்தக் கட்டுரையின் கடைசியில் மறுபடி இதற்கு வருவேன்.

முதலில் வென்றது கண்

மனித உடம்புக்குள் வெளிச்சத்தில் ஓடும் கருவி முதலில் நெஞ்சில் வெல்லும் என்றுதான் நினைக்கத் தோன்றும். வென்றது கண்ணில். ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் டானியல் பலங்கர் வடிவமைத்த 'பிரிமா' என்ற சில்லு 2 மில்லிமீற்றர் சதுரம், தலைமயிரைவிட மெல்லியது. விழித்திரைக்குக் கீழே வைக்கப்படும் அதில் 378 நுண்ணிய சூரியக் கலங்கள். பற்றரியும் இல்லை, வயரும் இல்லை. நோயாளி போடும் கண்ணாடியிலுள்ள கமரா காட்சியைப் பிடித்து, அண்மை அகச்சிவப்புக் கதிராகக் கண்ணுக்குள் எறிகிறது. அந்தக் கதிரே செய்தி, அதுவே சில்லுக்குச் சாப்பாடும். கண்ணின் ஓரத்தில் மிஞ்சியிருக்கும் இயற்கைப் பார்வைக்கு அகச்சிவப்பு தெரியாது என்பதால் இடைஞ்சலும் இல்லை.

2025 ஒக்டோபரில் வெளிவந்த முடிவுகளைப் பற்றித்தான் ஊரில் இப்போது பேச்சு. வயதோடு விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து நடுப்பார்வை போன 38 பேருக்கு, ஐந்து ஐரோப்பிய நாடுகளில் இந்தச் சில்லை வைத்தார்கள். அவர்களின் சராசரி வயது 79. ஒரு வருடம் முழுதும் ஆய்வில் நின்ற 32 பேரில் 26 பேருக்குப் பார்வை குறிப்பிடத்தக்க அளவு கூடியது. சராசரியாக, பார்வைப் பரிசோதனை அட்டையில் ஐந்து வரி கீழே இறங்கி வாசித்தார்கள்.

மறுபக்கத்தையும் வாசகர் அறிய வேண்டும். 19 பேருக்குப் பாரதூரமான பக்கவிளைவுகள் வந்தன. பெரும்பாலானவை இரண்டு மாதத்துக்குள் சரியாகின. கிடைக்கும் பார்வையில் நிறம் இல்லை. பார்க்கப் பழகுவதற்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். கற்றரக்ற்றுக்கோ குளுக்கோமாவுக்கோ இது மருந்தல்ல. "செயற்கைக் கண் வந்துவிட்டது" என்று தொலைபேசியில் பரவும் செய்தியை நம்பி, செய்ய வேண்டிய கற்றரக்ற் ஒபரேசனைத் தள்ளிப்போடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இன்னொரு விசயமும் எனக்கு நித்திரையைக் கெடுக்கிறது. பிரிமாவை வளர்த்த பிரெஞ்சு நிறுவனமான பிக்ஸியம் விஷன் கடனில் விழுந்தது, 2024இல் அமெரிக்காவின் சயன்ஸ் கோப்பரேசன் இந்தத் தொழில்நுட்பத்தை வாங்கியது. வாங்க ஆளில்லாமல் போயிருந்தால்? அதற்கும் உதாரணம் உண்டு. ஆர்கஸ் 2 என்ற முந்தைய செயற்கைக் கண்ணைச் செய்த செக்கன்ட் சைற் நிறுவனம் அந்தத் தயாரிப்பைக் கைவிட்டது. அதை வைத்திருந்த 350க்கு மேற்பட்டவர்கள் திருத்தவோ உதிரிப்பாகம் வாங்கவோ வழியின்றி நின்றார்கள். உடம்புக்குள் வைக்கும் பொருளை விற்கிறவன் கடையைப் பூட்டிக்கொண்டு போகக்கூடாது. எந்த நாட்டுச் சுகாதார அமைச்சும் இவற்றை வாங்க முன்னர் எழுத்தில் பெற வேண்டிய முதல் உறுதி அதுதான்.

அரிசி மணியைவிடச் சிறியது

2025 ஏப்ரலில், அமெரிக்காவின் நோர்த்வெஸ்ற்றேர்ண் பல்கலைக்கழகத்தின் ஜோன் ரொஜர்ஸும் இகோர் எஃபிமோவும் உலகின் மிகச் சிறிய பேஸ்மேக்கரை அறிவித்தார்கள். 3.5 மில்லிமீற்றர் நீளம், 1.8 மில்லிமீற்றர் அகலம், 1 மில்லிமீற்றர் தடிப்பு. ஊசிக்குழாய்க்குள் அடங்கும். பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றுக்கு இதயத்தில் பிறவிக் குறை இருக்கிறது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு சில நாட்களுக்கு மட்டும் அந்தச் சின்ன இதயத்துக்குத் துணை வேண்டும். இப்போதைய முறையில் இதயத்தில் தைத்த வயர் நெஞ்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், வேலை முடிந்ததும் இழுத்து எடுப்பார்கள். நிலவில் முதலில் கால்வைத்த நீல் ஆம்ஸ்ரோங் 2012இல் இறந்ததற்கு, அப்படி வயரை எடுத்தபோது உண்டான இரத்தக்கசிவும் ஒரு காரணம். புதிய கருவியை எடுக்கவே தேவையில்லை. வேலை முடிந்ததும் உடம்புக்குள்ளேயே கரைந்துவிடும்.

இங்கே தவறு விடுவது எளிது. "ஒளியில் ஓடும் பேஸ்மேக்கர்" என்று நினைத்துவிடலாம். உண்மையில் அதற்கு மின்சாரம் வருவது உடலின் ஈரத்திலிருந்து. இரண்டு உலோகங்கள் உடல் திரவத்தைத் தொட்டு ஒரு சிறிய மின்கலமாகின்றன. நெஞ்சின் மேல் ஒட்டும் பட்டையிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளி, எப்போது துடிக்க வேண்டுமென்று ஆணையிடும் ஆளி மட்டும்தான்.

▌பெட்டிச் செய்தி: ஒரே பெயர், மூன்று வேலை
ஒளி உணவாக: பேர்ண் ஆய்விலும் பிரிமாவிலும் கருவியை ஓட்டும் மின்சாரமே ஒளியிலிருந்து வருகிறது.
ஒளி ஆணையாக: நோர்த்வெஸ்ற்றேர்ண் கருவியில் ஒளி ஆளி மட்டும்.
ஒளி நேரடியாகத் தூண்டலாக: 2024 பெப்ரவரியில் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் போஷி தியான் குழு, ஒரு கிராமின் ஐம்பதில் ஒரு பங்குகூட நிறையற்ற சிலிக்கன் படலத்தைப் பன்றி இதயத்தின் மேல் வைத்து, ஒளியிழையால் வெளிச்சம் பாய்ச்சித் துடிக்கவைத்தது.
ஒளி இல்லாத வழியும் உண்டு: சென்னையில் பிறந்த அனந்த சந்திரகாசன் பங்கெடுத்த எம்.ஐ.ரி. குழு, காதின் உட்புறத்தில் இயற்கையாகவே இருக்கும் மின்னழுத்தத்தைக் கொண்டு ஒரு சில்லை ஓட்டலாம் என்று 2012இல் கினிப் பன்றியில் காட்டியது.

கறுத்த தோலும் எங்கள் வெயிலும்

மாமியின் முற்றத்துக்கு வருவோம்.

காங்கேசன்துறைக்கு வெயிலில் குறைவில்லை. வருடத்தின் மிகக் குறுகிய பகலும் பதினொன்றரை மணி நேரம் நீளும். பேர்ணில் அது எட்டரை மணிதான். நடுப்பகலில் தெளிந்த வானத்தின் கீழ் ஒரு சதுர மீற்றரில் 1000 வாற் அளவு சக்தி வந்து விழுகிறது. துறைமுகப் பக்கம், 1990இலிருந்து மூடிக்கிடக்கும் சீமெந்துத் தொழிற்சாலையின் நிழல்கூட அந்த நேரம் காலடிக்குள் ஒடுங்கிவிடும். வெயிலை மட்டும் பார்த்தால் சுவிற்சர்லாந்தைவிட இங்கேதான் இந்தக் கருவி நன்றாக ஓட வேண்டும்.

ஆனால் வெயிலுக்கும் கலத்துக்கும் நடுவில் இருப்பது எங்கள் தோல். தோலுக்குக் கறுப்பைத் தரும் மெலனின் மேற்றோலிலேயே உட்கார்ந்து ஒளியை மறிக்கிறது. நீலத்தைக் கூடுதலாகவும் சிவப்பைக் குறைவாகவும் அகச்சிவப்பை இன்னும் குறைவாகவும் மறிக்கும். குறைவு என்றாலும் இல்லை என்று ஆகாது. கொரோனாக் காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்த ஒட்சிமீற்றர் நினைவிருக்கும். அதுவும் சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை வைத்துத்தான் ஒட்சிசனை அளக்கிறது. உண்மையில் ஒட்சிசன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்ததை அந்தக் கருவி காட்டத் தவறியது வெள்ளையரில் 3.6 வீதமான அளவீடுகளிலும் கறுப்பினத்தவரில் 11.7 வீதமானவற்றிலும் என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வொன்று கண்டது. ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்தப் பிழை பல ஆண்டுகளாக உலகம் முழுவதும் எத்தனையோ கட்டில்களின் தலைமாட்டில் இருந்தது. வெள்ளைத் தோலுக்கு அளந்த கருவியைக் கறுத்த தோலுக்கும் சரியென்று எடுத்துக்கொண்டதன் விலை அது.

பேர்ண் ஆய்வில் கலத்தின் மேல் வைத்த வடிகட்டி எந்தத் தோலைப் போலச் செய்யப்பட்டதோ, அந்தத் தோலுக்கான விடையைத்தான் தரும். எங்கள் தோல் அந்த 12 மைக்ரோவாற்றைப் பாதியாக்கினால் 6 மிஞ்சும். கருவியின் தேவையோடு முட்டி நிற்கும் அளவு அது. எங்கள் வெயில் அதை இரண்டு மடங்காக்கினால் கணக்கு மறுபடி நேராகும். எது உண்மை என்பதை இங்கே அளந்துதான் சொல்ல முடியும்.

தோலோடு பழக்கமும் சேர்கிறது. பேஸ்மேக்கரைப் பெரும்பாலும் வைப்பது இடது காறை எலும்புக்குக் கீழே. சேலைத் தலைப்பு விழுவதும் அதே இடத்தில். மாமி வெளியே போனால் குடையும் பிடிப்பார். அவருக்கு நெஞ்சில் வைக்கும் சூரியக் கலம் நாள் முழுவதும் இருட்டில் இருக்கும். அவர் வயது ஆண்கள் நிலை வேறு. மாவிட்டபுரம் கோயிலுக்குள் மேலுடம்பு வெறுமையாகத்தான் போவார்கள், கீரிமலைக் கேணியில் முழுகிவிட்டு வெயிலில் உலர்வார்கள். மயிலிட்டிக் கடலில் தொழில் செய்பவருக்கும் காலையிலிருந்து மாலைவரை அலுவலக அறையில் இருப்பவருக்கும் வெளிச்சம் ஒன்றல்ல. பெண்களுக்குக் கலத்தைப் பிடரிப் பக்கம் வைக்கலாமா, முன்னங்கையில் வைக்கலாமா? இந்தக் கேள்வியை எங்கள் பெண்களைக் கேட்காமல் எந்தப் பொறியியலாளராலும் தீர்க்க முடியாது.

தென்கொரியாவின் ஜொங்ஹோ லீ குழு வேறு வழியில் போகிறது. சூரியனையே நம்பாமல், எல்.ஈ.டி. பதித்த மெல்லிய பட்டையைத் தோலின் மேல் ஒட்டி, உள்ளே இருக்கும் கலத்துக்கு அங்கிருந்தே ஒளி ஊட்டுவது. 2020இல் எலிகளில் செய்து காட்டினார்கள். இரவில் கொஞ்ச நேரம் ஒட்டிவிட்டுக் கழற்றலாம் என்ற நிலை வந்தால் சேலையும் குடையும் தடையாகா. சருமம் சூடாகாமல் எவ்வளவு ஒளி பாய்ச்சலாம் என்பதற்கு எல்லை உண்டு. ஒளியைக் கூடுதலாக உறிஞ்சும் கறுத்த தோலுக்கு அந்த எல்லையைத் தனியாகக் கணிக்க வேண்டும்.

இறந்த பிறகும் ஒரு கணக்கு

பேஸ்மேக்கர் வைத்தவரைத் தகனம் செய்ய முன்னர் அதை வெளியே எடுக்க வேண்டும். நெருப்பில் லிதியம் கலம் வெடிக்கும். எரிக்கும் வழக்கமுள்ள எங்கள் ஊரில் இதைக் குடும்பத்தவர் அறிந்திருப்பது அவசியம். அப்படி எடுத்த கருவிகளில் நிறையப் பற்றரி மிஞ்சியிருப்பவற்றைச் சுத்திகரித்து, வாங்க வழியற்றவர்களுக்கு வைப்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தோமஸ் க்ரோஃபோர்ட் குழு ஏழு நாடுகளில் ஏறக்குறைய 300 பேரில் சோதித்தது. மறுபாவனைக் கருவிகள் புதியவற்றைவிடக் குறைந்தவையல்ல என்று 2024 நவம்பரில் அறிவித்தார்கள். ஒருவர் இறந்த பிறகு இன்னொருவர் நெஞ்சுக்குப் போகும் பற்றரி. பற்றரிக்கு உலகில் எவ்வளவு தவிப்பு இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஒளிக் கருவி வந்தால் முதல் நாள் விலை கூடத்தான் இருக்கும். இலவச வைத்தியம் நடக்கும் நாட்டில் அந்த விலையை அரசாங்கம் தாங்கும். ஆனால் பத்து வருடத்துக்கு ஒருமுறை புதிய கருவி, சத்திரசிகிச்சைக் கூடம், வைத்தியர் நேரம், தொற்று வந்தால் மாதக்கணக்கில் மருந்து, 400 கிலோமீற்றருக்கு மேல் கொழும்புப் பயணம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு மாறும். 2022 மறுபடி வராது என்று யாரும் எழுதித் தர முடியாது. இறக்குமதி நின்றாலும் வெயில் நிற்காது.

இங்கே அளக்கலாம்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறை சூரியக் கல ஆராய்ச்சியில் பெயர் பெற்றது. பேராசிரியர் புண்ணியமூர்த்தி இரவிராஜன் பல ஆண்டுகளாகப் புதிய வகைச் சூரியக் கலங்களில் வேலை செய்கிறார். நோர்வேயிலுள்ள பேராசிரியர் தயாளன் வேலாயுதபிள்ளையோடு சேர்ந்து தூய சக்திக்கான நனோப் பொருள் ஆய்வுகளும் நடக்கின்றன. பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. மருத்துவ பீடத்தின் வயது 1978இலிருந்து எண்ணப்படுகிறது. மூன்றும் ஒரே பல்கலைக்கழகம்.

பேர்ணில் செய்ததை இங்கே செய்யச் சத்திரசிகிச்சை வேண்டாம். தபால் முத்திரை அளவுக் கலம், பதிவுசெய்யும் சிறு கருவி, எங்கள் தோலைப் போலச் செய்த வடிகட்டி, ஒரு கிழமை அதைக் கையில் கட்டிக்கொள்ளச் சம்மதிக்கும் மனிதர்கள், இவ்வளவும் போதும். மயிலிட்டி மீனவர், நெல்லியடி ஆசிரியை, கொக்குவில் கணினி வேலைக்காரர், காங்கேசன்துறை மாமி என்று முப்பது பேரை எடுங்கள். மார்கழி மழையிலும் சித்திரை வெயிலிலும் அளந்துபாருங்கள். உலகில் இந்தக் கருவியைச் செய்யும் எந்த நிறுவனமும் அதற்குப் பிறகு கறுத்த தோலைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது.

பேராசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இது என் வேண்டுகோள். முதல் ஆளாக என் கையைத் தருகிறேன். மாமியும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய இப்போதைய பற்றரி 2032 அளவில் முடியும்.